ஆறு மணி பஸ்ஸும் நிலாப் பொண்ணும்!

ட்ரிபிள்-ஈ படிக்கிற யாராவது டோக்கியோ போனா, முதல்ல ஓஎடோ லைன்ல ஏறிப் பாருங்க பாஸ்! சக்கரத்தைச் சுத்துற சாதாரண மோட்டார் கிடையாது. தண்டவாளத்துக்கு நடுவுல நீளமா ஒரு உலோகப் பட்டை பதிச்சிருப்பாங்க. ரயிலுக்கு அடியில லீனியர் இண்டக்‌ஷன் மோட்டார். சிலபஸ்ல ஒரு ஓரமா வந்து, ‘சாய்ஸ்ல விட்டுடலாம் மச்சி’ன்னு நாம தாண்டிப் போவோமே... அதேதான்! அதனால பெட்டி குள்ளம், சுரங்கமும் சின்னது.

அந்தக் குள்ள ரயில்ல நான் இறங்கின ஸ்டேஷன் அசாபு-ஜூபான். பத்து நாள் மாணவர் பரிமாற்றப் பயணத்துல எங்களுக்குக் கிடைச்ச ஒரே ஓய்வு நாள், நவம்பர் கடைசி ஞாயிறு. கூட வந்த பசங்க எல்லாரும் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளைப் பார்க்க அகிஹாபாராவுக்கு ஜூட். ‘நீ எங்கடா?’ன்னு கேட்டானுங்க. ‘சேலர் மூன் வீட்டுக்கு’ன்னேன். அஞ்சு நிமிஷம் சிரிச்சானுங்க. சிரிக்கட்டும். மீசை வெச்சவன் மேஜிக் பொண்ணுங்க கார்ட்டூன் பார்க்கக்கூடாதுன்னு அண்ணா யுனிவர்சிட்டி சர்க்குலர் எதுவும் விடலையே!

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பதினாலு வயசு ஸ்கூல் பொண்ணு உஸாகி. அழுமூஞ்சி, தூங்குமூஞ்சி, கணக்குல முட்டை. பேசுற கறுப்புப் பூனை ஒண்ணு வந்து, ‘நீதான் சேலர் மூன், உலகத்தைக் காப்பாத்து’ன்னு சொல்லும். 1992 மார்ச்சில் ஆரம்பிச்சு 1997 பிப்ரவரி வரைக்கும் அஞ்சு சீஸன், 200 எபிசோட். எல்லாமே இந்த அசாபு-ஜூபான் ஏரியாவைச் சுத்தி நடக்கிற கதை.

இதுல ஒரு சுவாரஸ்யம். நான் இறங்கின ஸ்டேஷனே 2000-லதான் திறந்திருக்காங்க. அதாவது, 200 எபிசோட் ஓடி முடிஞ்ச பிறகு! சுத்தி ரொப்போங்கி, டோக்கியோ டவர்னு ஊரே ஜொலிக்க, நடுவுல இது மட்டும் ரயில் இல்லாத தீவு. நடராஜா சர்வீஸ், இல்லேன்னா பஸ். உஸாகி தினமும் ஸ்கூலுக்கு லேட்டா, மூச்சிரைக்க ஓடுறதுக்குப் பின்னாடி இப்படி ஒரு நியாயம் இருக்கு!

கதையை எழுதின நவோகோ டகேவுச்சி கோஃபு ஊர்க்காரர். இங்கிருந்து நடக்கிற தூரத்துல, ஷிபா பூங்கா பக்கம் இருந்த மருந்தியல் கல்லூரியில படிச்சவர். கெமிஸ்ட்ரி வாசனை கதையிலயும் அடிக்கும். முதல் சீஸன் வில்லன்கள் பேரு ஜேடைட், நெஃப்ரைட், ஸோய்ஸைட், குன்ஸைட். எல்லாமே தாதுக்கள்! பக்கத்துல இருக்கிற ஷிபா தைஜிங்கு கோயில்ல, வெள்ளை மேலாடையும் சிவப்புப் பாவாடையுமா பணி செய்யற மிகோவாகவும் கொஞ்ச நாள் இருந்திருக்கார். சேலர் மார்ஸா வர்ற ரெய், கோயில்ல மிகோவா இருக்கிறது இப்படி வந்ததுதான்.

ஜூபான் கடைத்தெருவுல கால் வெச்சதுமே முதல் சீஸன் புரிஞ்சிடுச்சு. ரொம்ப அகலமில்லாத தெரு. நகைக்கடை, பேக்கரி, சலூன், டாக்டர் க்ளினிக். 1865-ல ஆரம்பிச்ச மமேகென்ல மசாலாக் கடலை மாதிரி விதவிதமா பருப்பு வகை. 1909-ல ஆரம்பிச்ச நானிவாயாவுல டையாகி. மீன் வடிவ அச்சுல மாவு ஊத்தி, உள்ளே இனிப்புப் பயறு வெச்சு சுடுறது. பேருதான் மீன், சுத்த சைவம்! (அம்மா கேட்டா சொல்லணும்ல.) மீன் வாலைக் கடிச்சா வால் வரைக்கும் பூரணம்.

முதல் சீஸன் வில்லன்கள் உலகத்தை ஒரேயடியா அழிக்க வரமாட்டாங்க. வாரம் ஒரு கடை! முதல் எபிசோடே உஸாகியோட தோழி வீட்டு நகைக்கடைதான். அப்புறம் ஜோசியக் கூடம், ஜிம். எட்டாவது எபிசோட்ல ட்யூஷன் சென்டர். பசங்களை உட்கார வெச்சு, படிக்க வெச்சு, உயிர்ச்சக்தியை உறிஞ்சுவாங்க. (ப்ளஸ் டூ-ல ரெண்டு வருஷம் கோச்சிங் போன எனக்கு இது மேஜிக்காவே தோணலை!) அங்கேதான் படிப்பாளி ஆமி கிடைப்பா. பத்தாவது எபிசோட்ல ரெய், இருபத்தஞ்சுல மகோதோ, முப்பத்துமூணுல மினாகோ. அஞ்சு பேர் ஒண்ணு சேரவே முப்பத்துமூணு வாரம்! 2014-ல வந்த ‘கிரிஸ்டல்’ ரீமேக்ல இதே வேலையை எட்டு எபிசோடுக்குள்ள முடிச்சிட்டாங்க. வேகம் ஓகே. ஆனா ஃப்ரெண்ட்ஷிப்புங்கறது கேன்டீன்ல வெட்டியா உட்கார்ந்த நேரம்தானே? அந்த வெட்டி நேரம் பழைய சீரியல்லதான் இருக்கு.

அந்த வெட்டி நேரத்தை நம்ம மேல ஏத்திவிட்டு, 45-வது எபிசோட்ல அடிப்பாங்க பாருங்க! வடதுருவப் பனியில நாலு தோழிகளும் ஒவ்வொருத்தியா செத்துப்போவாங்க. 46-ல எல்லாரும் மறுபடி சாதாரண ஸ்கூல் பொண்ணுங்களா எழுந்திருப்பாங்க, ஒருத்தரையொருத்தர் ஞாபகமில்லாம. அமெரிக்காவுல டப்பிங் பண்ணினப்போ ரெண்டு எபிசோடையும் ஒண்ணா ஒட்டி, சாவை எடுத்துட்டாங்க. அப்படி எடுத்துட்டா அந்த சீஸன்ல மிச்சம் என்ன இருக்கு, சொல்லுங்க?

இந்தக் கார்ட்டூனை எனக்கு அறிமுகப்படுத்தினது அக்கா. திருச்சி வீட்டுல, எக்ஸாம் லீவுல, ஒரு ஹார்டு டிஸ்க், ஒரு லேப்டாப், ஒரு தட்டு முறுக்கு. எந்த சீஸன் பெஸ்ட்டுன்னு எங்களுக்குள்ள இன்னும் பஞ்சாயத்து முடியலை. அக்கா முதல் சீஸன் கட்சி. நான் மூணாவது, அதாவது ‘எஸ்’ கட்சி.

ரெண்டாவதா வர்ற ‘ஆர்’ சீஸனை வேகமாத் தாண்டிடலாம். முதல் பதிமூணு எபிசோட், மங்கா கதை முன்னாடி போறதுக்காக டைம் பாஸ் பண்ணினது. அப்புறம் 30-ம் நூற்றாண்டுலேர்ந்து சிபிஊஸா வந்து விழுவா. உஸாகியோட வருங்காலப் பொண்ணு! அம்மாவும் பொண்ணும் ஒருத்தனுக்காக முடியைப் பிடிச்சு சண்டை போடுறது முதல்ல காமெடி, போகப் போக காதுல ரத்தம். ஒண்ணு மட்டும் பிடிச்சது. வில்லி கோஷ்டியில நாலு அக்கா தங்கச்சிங்க திருந்தி, மேக்கப் சாமான் விக்கக் கடை போடுவாங்க. கடைத்தெருவைத் தாக்க வந்தவங்க கடைசியில கடைக்காரங்களாவே ஆகிடறது... ஜூபான் டச்!

‘எஸ்’ சீஸனுக்கு ஜூபானை விட்டு வெளியே வரணும். முந்தின நாள் எங்களை ஒடைபாவுல இருக்கிற மிராய்கான் அறிவியல் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கடலைத் தூர்த்து உண்டாக்கின நிலம். ரெயின்போ பிரிட்ஜ் மேல ரயில் வளைஞ்சு ஏறும்போது கீழே பழுப்புக் கடல், எதிரே கண்ணாடிக் கட்டடங்கள். அந்தப் பாலம் திறந்தது 1993 ஆகஸ்ட். ‘எஸ்’ ஆரம்பிச்சது 1994 மார்ச். அதுல வில்லனோட கோட்டை ஒரு ஸ்கூல்! கடலோரத்துல புதுசா உண்டாக்கின நிலத்துல, ஜீனியஸ் பசங்களுக்காகக் கட்டின முகென் அகாடமி. முகென்னா ‘எல்லையற்ற’ன்னு அர்த்தம். நம்ம ஊர் டீம்ட் யுனிவர்சிட்டி விளம்பரம் மாதிரியே இல்ல?

இங்கே வில்லன் கடைகளைக் கண்டுக்கவே மாட்டான். அவனுக்கு வேணும்கிறது சுத்தமான இதயம். ஆளைப் பிடிச்சு நெஞ்சுக்குள்ளேருந்து எடுப்பான். எடுத்தா அந்த ஆள் சாகலாம்னு தெரிஞ்சே ஹருகாவும் மிசிருவும் அதைத் தேடுவாங்க. ‘மூணு பேர் செத்தா உலகம் பிழைக்கும்னா பரவாயில்லை’ங்கிறது அவங்க கட்சி. ‘ஒருத்தர்கூட சாகக்கூடாது’ன்னு உஸாகி. ரெண்டு பக்கமும் நல்லவங்கதான்! ஹருகாவும் மிசிருவும் காதலிகள். ஜப்பான்ல சனிக்கிழமை சாயங்காலம் குழந்தைகள் பார்த்த சீரியல்ல இது அலட்டிக்காம வந்துபோச்சு. 2000-ல வந்த அமெரிக்க டப்பிங்ல ரெண்டு பேரையும் ‘கசின்ஸ்’ ஆக்கிட்டாங்க. படத்தை மாத்த முடியாதே, அவங்க பார்வையை என்ன பண்ண முடியும்? பார்த்த பிள்ளைங்க குழம்பிப்போச்சு!

இந்த சீஸன் முழுக்க ‘மௌனம் வருது... மௌனம் வருது’ன்னு ஒரு பயம். ஓடி முடிஞ்சது 1995 பிப்ரவரி. அந்த ஜனவரியில கோபே நிலநடுக்கம். மார்ச்சில் டோக்கியோ மெட்ரோவுல விஷவாயு. அடுத்த வருஷம் இதே கடலோர நிலத்துல நடக்கவேண்டிய உலக நகரக் கண்காட்சியும் அந்த வருஷமே ரத்து. யாரும் திட்டமிட்டுப் பண்ணினதில்லை. ஆனா அந்தப் பாலத்து மேல போகும்போது ஒரு மாதிரிதான் இருந்துச்சு.

நாலாவது ‘சூப்பர் எஸ்’. சர்க்கஸ், பறக்கிற குதிரை, கனவுக் கண்ணாடி. ஹருகா - மிசிருவைக் காணோம், பயத்தையும் காணோம். தம்பி தங்கச்சிங்களுக்கு ஓகே. மூணு சர்க்கஸ் வில்லன்கள் கடைசியில மனுஷங்களா ஆக ஆசைப்படுற இடம் மட்டும் நிஜமாவே அழவெச்சது. மத்தபடி, இந்த சீஸன் எந்த ஊர்ல நடந்திருந்தாலும் ஒண்ணுதான். ஜூபான் தெரியவே இல்லை.

டையாகியைச் சாப்பிட உட்கார்ந்தது பாட்டியோ ஜூபான்னு ஒரு குட்டி சதுக்கம். மரம், பெஞ்சு, நடுவுல சின்னதா ஒரு பொண்ணு சிலை. கிமி-சான். காலடியில சில்லறைக் காசு. போறவங்க போட்டுட்டுப் போறாங்க, அது தர்மத்துக்குப் போகுதாம்.

ஜப்பான்ல எல்லாக் குழந்தைக்கும் தெரிஞ்ச ஒரு பாட்டு இருக்கு. சிவப்பு ஷூ போட்ட பொண்ணு ஒருத்தி வெளிநாட்டுக்காரரோட கப்பலேறிப் போயிட்டான்னு. அந்தப் பொண்ணுதான் கிமின்னு சொல்றாங்க. வறுமையில அம்மா அவளை ஒரு அமெரிக்கப் பாதிரியார் தம்பதிக்குத் தத்துக் கொடுத்துட்டாங்க. கிளம்புற நேரத்துல கிமிக்குக் காசநோய். கப்பல்ல ஏத்த முடியலை. இந்த ஜூபான்ல இருந்த அனாதை இல்லத்துல விட்டுட்டுப் போயிட்டாங்க. 1911-ல, ஒன்பது வயசுல இங்கேயே இறந்துபோனா. அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. பொண்ணு அமெரிக்காவுல நல்லா இருக்கான்னு நம்பியே அவங்களும் போய்ச் சேர்ந்தாங்க. இந்த வரலாறு முழுக்க நிஜமில்லைன்னு மறுக்கிறவங்களும் இருக்காங்க. சிலையை 1989-ல வெச்சாங்க. சீரியல் ஆரம்பிக்க மூணு வருஷம் முன்னாடி.

எனக்குக் கையில இருந்த மீன் இறங்கலை. ஏன்னா அஞ்சாவது சீஸன், ‘ஸ்டார்ஸ்’, அப்படியே இதுதான்!

உஸாகியோட காதலன் மமோரு படிக்க அமெரிக்கா கிளம்புவான். ஏர்போர்ட்ல மோதிரம், முத்தம், டாட்டா. நடுவானத்துலயே கலாக்ஸியா அவனைக் கொன்னுடுவா. போய்ச் சேரவே இல்லை. உஸாகிக்குத் தெரியாது. லெட்டர் மேல லெட்டர் போடுவா, பதில் வராது. ‘படிப்புல பிஸியா இருப்பான்’னு தோழிகள்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. பாட்டுக் கோஷ்டி பசங்க, மாறுவேஷம், கன்னாபின்னா சண்டைன்னு சீஸன் அங்கங்கே தள்ளாடும். க்ளைமாக்ஸ் ரொம்ப அவசரம். மார்க் போட்டா அறுபதுக்கு மேல தரமாட்டேன். ஆனா அந்த லெட்டர் போடுற பொண்ணு இருக்காளே... பாட்டியோ ஜூபான்லேர்ந்து எழுந்து வந்தவ மாதிரி. டகேவுச்சியோ சீரியல் டீமோ சிலையை நினைச்சு எழுதினாங்கன்னு நான் சொல்லலை. அது எனக்குத் தெரிஞ்சது, அவ்ளோதான்.

ஆகஸ்ட்ல அக்கா எம்.எஸ். படிக்க டல்லாஸ் போயிட்டா. போறதுக்கு முதல் நாள் ராத்திரி 199 வரைக்கும் பார்த்தோம். லக்கேஜ் எடை போடணும்னு அப்பா கத்தினார், நிறுத்திட்டோம். 200-ஐ சேர்ந்துதான் பார்க்கணும்னு ஒப்பந்தம். ஸோ, மேலே சொன்ன தீர்ப்பெல்லாம் 199 வரைக்கும்தான். அக்காவோட மெசேஜ் இப்பல்லாம் ரெண்டு நாளைக்கு ஒண்ணு. ‘பிஸிடா.’ ஒரு வார்த்தை.

சிலையை போட்டோ எடுத்து அனுப்பினேன். அங்கே நடுராத்திரி. ஒத்த டிக்.

அங்கேருந்து இப்போன்மட்சு சரிவுல ஏறினா அசாபு ஹிகாவா கோயில். எழுத்துல ‘பனி ஆறு’. டகேவுச்சி அதே உச்சரிப்பை வெச்சுக்கிட்டு, எழுத்தை மாத்தி ‘நெருப்பு ஆறு’ ஆக்கிட்டார். சேலர் மார்ஸுக்கு நெருப்புதானே சக்தி! கார்ட்டூன்ல வர்ற மாதிரி நீளமான படிக்கட்டு இங்கே இல்லை. அடுக்குமாடிகளுக்கு நடுவுல அடக்கமா ஒரு கோயில். ஒரு பெரியவர் சருகு பெருக்கிக்கிட்டிருந்தார். நான் கும்பிட்டேன், அவர் குனிஞ்சார். பின்னாடி திரும்பினா, கட்டட இடுக்குல டோக்கியோ டவரோட ஆரஞ்சு ஒரு கீத்து.

கடைசி ஸ்டாப், சென்டாய்சாகா-உஏ. சென்டாய் சரிவோட உச்சின்னு அர்த்தம். அந்தப் பேர்ல இன்னமும் பஸ் ஸ்டாப் இருக்கு! பத்தாவது எபிசோட்ல, ரெய் அறிமுகமாகிற கதையில, சாயங்காலம் ஆறு மணி பஸ்ல ஏறின பொண்ணுங்க பஸ்ஸோட மாயமா மறைஞ்சுபோவாங்க. சின்ன வயசுல இதைப் பார்த்துட்டு ஒரு வாரம் டவுன் பஸ்ல ஏறமாட்டேன்னு அழுதவன் நான். அக்காதான் கையைப் பிடிச்சு ஏத்திவிடுவா.

நாலரைக்கே இருட்டிப்போச்சு. குளிர்ல விறைச்சுக்கிட்டு வேணும்னே ஆறு வரைக்கும் நின்னேன். பஸ் வந்தது. முன் சீட்டுல ஒரு பாட்டி, வெங்காயத் தாள் நீட்டிக்கிட்டிருந்த பையோட. ஸ்கூல் பையன் ஒருத்தன் தூக்கத்துல. கார்டைத் தட்டிட்டு உட்கார்ந்தேன். சரிவுல இறங்கும்போது போன் அதிர்ந்துச்சு. டல்லாஸ்ல அப்போ ராத்திரி மூணு.

‘டேய், அது ஆறு மணி பஸ் ஸ்டாப் ஏரியாதானே? ஏறினியா? டிசம்பர்ல வர முடியலைடா, விசா ஸ்டாம்பிங் தொல்லை. 200-ஐப் பார்த்துடாத.’

‘பஸ்லதான் இருக்கேன். இன்னும் மறையலை’ன்னு டைப் பண்ணினேன். ரெண்டு டிக், நீலம்.