வரிக்கணக்குக்குப் பிறகு வள்ளி கும்மி

ஜனவரி 8

கும்மி வகுப்பை இரவு எட்டு மணிக்கு வைத்திருக்கிறார் எங்கள் வாத்தியார். கோவை சுந்தராபுரத்திலும் குறிச்சி சிட்கோ பக்கத்திலும் ஆறு மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் குறைவு. லேத் பட்டறைக்காரர், ஸ்டாஃப் நர்ஸ் அக்கா, ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் பார்க்கும் இரண்டு பெண்கள், சரவணம்பட்டியிலிருந்து ஊரின் இந்தக் கோடிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் சாஃப்ட்வேர் தம்பதி, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்க்கும் நான். உக்கடம் மேம்பாலம் திறந்த பிறகு எனக்குக் கொஞ்சம் நேரம் மிச்சம். மற்றவர்களும் வந்து சேர எட்டாகிவிடும். கோயில் மைதானத்தில் ஒரு டியூப் லைட், ஒரு மைக் செட், நடுவில் குத்துவிளக்கு. அவ்வளவுதான் ஏற்பாடு.

இந்த வாரம் எனக்கு நெருக்கடியான வாரம். 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, அது முடிந்து மூச்சு விடுவதற்குள் 20-ஆம் தேதி 3பி. பம்ப் செட் செய்கிறவர், கிரைண்டர் செய்கிறவர், ஃபவுண்டரி வைத்திருப்பவர் என்று எங்கள் பார்ட்டிகள் எல்லோரும் பில்லைக் கடைசி நாளில்தான் கொடுத்தனுப்புவார்கள். வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போதும் விட்டுப்போன இன்வாய்ஸ் எண் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்று வாத்தியார் என் காலைப் பார்த்துவிட்டு மைக்கிலேயே கேட்டார்: “ஏனுங் அம்மணி, கணக்கையெல்லாம் ஆபீசுலயே வெச்சுப்போட்டு வந்தீங்களா? காலு எண்ணிக்கிட்டே நிக்குதுங்களே. எண்ணாதீங்க, பாட்டக் கேளுங்க.”

பாட்டைக் கேட்டேன். கால் போனது.

ஜனவரி 11

முடித்துவிட்டோம். இன்று ஞாயிறு என்பதால் ஆபீசில் அரைக்கூட்டம்தான். நேராக மைதானத்துக்கு வந்துவிட்டேன்.

ஜெர்மனியில் சபீனே சோனென்டாக் என்ற உளவியல் அறிஞர், வேலை முடிந்த நேரத்தில் மனிதர்கள் எப்படித் தேறிக்கொள்கிறார்கள் என்பதையே பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார். சார்லட் ஃபிரிட்ஸ் என்பவரோடு சேர்ந்து 2007-இல் எழுதிய கட்டுரையில் நான்கு விஷயங்களைப் பிரித்துக் காட்டுகிறார்: வேலையிலிருந்து மனம் விலகுவது, உடல் தளர்வது, புதிதாக ஒன்றைக் கற்றுத் தேறுவது, அந்த நேரம் நம் கையில் இருப்பது. படித்தபோது எங்கள் வீட்டு ஹால்தான் ஞாபகத்துக்கு வந்தது. சோபாவில் சாய்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தால் உடல் தளர்கிறது. ஆனால் ஆபீஸ் வாட்ஸப் குழுவும் அதே போனில்தான் இருக்கிறது. மனம் எங்கே விலகும்?

கும்மியில் விலகாமல் இருக்க வழியே இல்லை. வலது கால் முன்னே, இடது கால் சேர, குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து திரும்பி இன்னொரு தட்டு, பக்கத்தில் வருகிறவர் மேல் மோதாமல் ஓர் அடி உள்ளே. வாத்தியார் ஒரு வரி பாட, கடைசி அடியை நாங்கள் எல்லோரும் வாங்கிப் பாட வேண்டும். பாடிக்கொண்டே குனிய வேண்டும், மூச்சும் பத்தாது. மெதுவாகத் தொடங்கும் பாட்டு, கதை சூடு பிடிக்கப் பிடிக்க ஓட்டமெடுக்கும். ஒரு நொடி வேறெதையாவது நினைத்தால் வட்டமே காட்டிக்கொடுத்துவிடும். களைத்துப்போன மூளைக்கு ஓய்வு என்றால் சும்மா கிடப்பது என்றுதான் எங்கள் ஆபீசில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாள் முழுக்க உழைத்த பகுதியைச் சும்மா விட வேண்டுமானால், நாள் முழுக்கச் சும்மா கிடந்த பகுதியை முழுசாக வேலை வாங்க வேண்டும்.

ஜனவரி 17

பொங்கலுக்கு அன்னூர்ப் பக்கம், அம்மாவைப் பெற்ற அமுச்சியின் ஊருக்குப் போயிருந்தோம். போகியன்று வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ சேர்த்து வாசலிலும் தோட்டத்திலும் காப்புக் கட்டினோம். இன்று பூப்பறிக்கிற நோம்பி. சின்னப் பெண்கள் கூடையோடு போய் ஆவாரம்பூப் பறித்து வந்து நடுவில் வைத்துக் கும்மியடித்தார்கள். ஐந்தாறு பேர்தான். அமுச்சி காலத்தில் ஊர்ப் பெண்கள் மொத்தமும் போவார்களாம்.

அமுச்சியின் கும்மிக்கு வாத்தியார் கிடையாது, மைக் கிடையாது. சலங்கை கட்டி, கதை பாடி, அடவு மாற்றி ஆடும் வள்ளி ஒயில் கும்மி வேறு. அது பெரும்பாலும் ஆண்கள் கையில் இருந்த கலை. அதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர்களில் முன்னால் நிற்பவர் மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டிப் பக்கத்துப் பத்திரப்பன் ஐயா. 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது வயது 87. எங்கள் மைதானத்து வட்டத்திலும் பாதிக்கு மேல் பெண்கள். இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. வேலைக்குப் போகிற பெண் இரவு ஒன்பதரை மணிக்கு ஆடிவிட்டு வேர்வையோடு வீட்டுக்கு வருவதை எங்கள் தெரு இப்போது ஒன்றும் சொல்வதில்லை என்றால், அதற்கு அந்தப் பெரியவரைப் போன்றவர்கள் பல்லாண்டு ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்ததும் ஒரு காரணம்.

அமுச்சி என் அடவைப் பார்த்துவிட்டுச் சொன்னது: “நல்லாத்தான் கண்ணு இருக்குது. ஆனா நாங்க இன்னும் குனிவோம்.”

ஜனவரி 20

3பி. பகல் முழுக்கப் போன். மதியச் சாப்பாடு மூன்றரைக்கு.

ஆபீசில் என் பக்கத்து மேசைத் தம்பி ஞாயிறுதோறும் பேரூர்க் கோயில் கனகசபையில் உட்கார்ந்து பென்சிலால் சிற்பங்களை வரைகிறான். ஊர்த்துவ தாண்டவரின் தூக்கிய காலை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறான். இன்னொரு அக்கா மாடியில் கத்தரியும் அவரையும் வளர்க்கிறார். அவரவர் வழி அவரவருக்கு. ஆனால் தனியாகச் செய்வதற்கும் கூடிச் செய்வதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு என்று எனக்கு உடம்பே சொல்லிக்கொண்டிருந்தது. அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த பிரான்வின் டார் என்ற ஆய்வாளரும் குழுவினரும் பிரேசிலில் பள்ளி மாணவர்களை ஆட வைத்தார்கள். சிலர் ஒரே அடவை ஒரே நேரத்தில், சிலர் ஆளுக்கொரு விதமாக. சிலர் உடலை வருத்தி, சிலர் உட்கார்ந்தபடி கையை மட்டும் அசைத்து. ஆடுவதற்கு முன்னும் பின்னும், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். உடலை வருத்தி ஆடியதும் வலி தாங்கும் அளவைக் கூட்டியது. சேர்ந்து ஒரே தாளத்தில் ஆடியதும் தனியாகக் கூட்டியது. கூட ஆடியவர்கள் மேல் நெருக்கமும் வளர்ந்தது. 2015-இல் வந்த ஆய்வு. உடலுக்குள் எண்டார்ஃபின் சுரப்பதே காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

ஸ்டாஃப் நர்ஸ் அக்காவிடம் இதைச் சொன்னேன். நைட் ட்யூட்டி முடித்துப் பகலில் தூங்கி எழுந்து வந்திருந்தார். “அதுக்குப் பட்டை எதுக்கு கண்ணு? வரும்போது இருக்கற முதுகுவலி போகும்போது இருக்கறதில்ல” என்றார்.

ஜனவரி 21

மழை மாதிரிப் பனி. தொண்டை கட்டிவிட்டது. பாடாமல் ஆடினேன்.

ஜனவரி 23

இன்று மனம் சரியில்லை. எழுதித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பு முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது புதிதாக வந்த ஒருவர், அரங்கேற்றத்தில் நம்ம ஆட்கள் மட்டும் ஆடினால் நன்றாக இருக்கும் என்று பேச்சை எடுத்தார். கும்மி மேடைகள் சிலவற்றில், சொந்த சாதிக்குள்தான் கல்யாணம் செய்துகொள்வோம் என்று பெண்களிடம் உறுதிமொழி வாங்கியதும், அந்தக் காணொளி பரவி விவாதமானதும் எல்லோருக்கும் தெரியும். ஆயிரக்கணக்கில் பெண்கள் ஒரே நிறச் சேலையில் ஒரே மைதானத்தில் ஆடுவதைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்திருக்கிறது. அந்தக் கூட்டத்தை வைத்து இப்படியொரு வாக்கை வாங்குவது அந்தக் கலைக்குச் செய்யும் அநியாயம்.

நாம் பாடுவது என்ன கதை? வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடைத்த குழந்தை; வேடர் தலைவன் நம்பி வளர்த்த பெண். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கவண் வீசுகிறாள். வேடனாக ஒருவன் வருகிறான். அப்பன் வந்ததும் வேங்கை மரமாகிறான். பிறகு கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான். கடைசியில் அவன் அண்ணன் யானையாக வந்து மிரட்ட, அவளே வந்து இவனைக் கட்டிக்கொள்கிறாள். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை இந்த வள்ளியம்மை திருமணத்தோடுதான் முடிக்கிறார். அதில் இருவரும் வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பிப் போகிறார்கள். வேடர்கள் துரத்தி வந்து சண்டையிட்டு மடிந்து, பிறகு உயிர்பெற்று எழுந்து, அவர்கள் ஊரிலேயே கல்யாணம் நடக்கிறது. தானாகத் தேர்ந்துகொண்ட ஒரு பெண்ணின் கதையை விடிய விடியப் பாடி ஆடிவிட்டு, அதே மேடையில் நின்று நீ தேர்ந்துகொள்ளக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்ல எப்படி வாய் வருகிறது?

இதையேதான் அவரிடமும் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வாத்தியார் உடுக்கையை உறையில் போட்டுக்கொண்டே, “எங்கிட்டக் கும்மி கத்துக்க வர்றவங்களுக்குக் கையி ரெண்டு, காலு ரெண்டு இருந்தாப் போதுமுங். வேற ஒண்ணும் நான் கேக்கறதில்லீங்” என்றார். அவர் அதற்குமேல் பேசவில்லை. லேத் பட்டறைக்காரர்தான் பேசினார்: தன் பட்டறையில் வேலை செய்யும் பையன்கள் இருவரும் இந்த வட்டத்தில் ஆடுகிறார்கள், அவர்கள் இல்லாத அரங்கேற்றத்துக்குத் தானும் வரவில்லை என்றார்.

இந்த வட்டத்தில் யாரும் என்னை மேடம் என்று கூப்பிட்டதில்லை. பகலில் எனக்குப் பில் கொண்டுவந்து கொடுத்து நிற்கிற பையன் இங்கே எனக்கு முன்னால் ஆடுகிறான், அவன் காலைப் பார்த்துத்தான் நான் திரும்புகிறேன். எனக்குக் கிடைக்கிற ஓய்வில் பாதி இதிலிருந்துதான் வருகிறது. அந்தப் பாதியை யாரும் எடுத்துக்கொண்டு போக விடமாட்டேன்.

ஜனவரி 25

ஃபவுண்டரியில் வேலை செய்யும் ஒடிசாக்காரர்கள் மைதானத்துக்குப் பின்னால் லைன் வீடுகளில் இருக்கிறார்கள். அதில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு தினமும் ஓரமாக நின்று பார்ப்பாள். தானறியாமல் கால் தாளம் போடும். இன்று வாத்தியார் பாட்டை நிறுத்திவிட்டுக் கையசைத்து, “வாம்மிணி, குழந்தைய அந்த அக்காகிட்டக் குடு” என்றார். அவளுக்குப் புரிந்தது கையசைப்பு மட்டும்தான். ஆர்.எஸ்.புரம் வியாபாரிகளோடு பேசிப் பேசிச் சேர்ந்த இந்தி எனக்குக் கைகொடுத்தது. குழந்தையை நர்ஸ் அக்கா வாங்கிக்கொண்டார்.

மெதுவான பாட்டில் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டாள். வேகம் கூடியபோது வெளியே வந்து நின்று பார்த்து, மறுபடி நுழைந்தாள். இது யாருடைய கதை என்று கேட்டாள். தினைப்புனம், பரண், கிழவன், யானை என்று தெரிந்த இந்தியில் சொன்னேன். யானை வந்ததும் சிரித்தாள். அவள் ஊரில் ரஜ பண்டிகைக்கு ஊஞ்சல் கட்டிப் பெண்கள் ஆடிக்கொண்டே பாடுவார்களாம். ஒரு வரி பாடிக் காட்டினாள். சாஃப்ட்வேர் தம்பதி அதற்கும் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். வாத்தியார் தாளம் சரியாக விழுகிறதா என்று இரண்டு தரம் உடுக்கையில் தட்டிப் பார்த்தார்.

அரங்கேற்றம் மாசியில், கோயில் நோம்பியன்று என்று முடிவாகியிருக்கிறது. நாளைக்குச் சேலைகளுக்கு மொத்தமாக ஆர்டர் போகிறது, மாம்பழ மஞ்சளில் சிவப்புக் கரை. பட்டியல் என்னிடம்தான் இருக்கிறது. அவளையும் சேர்த்து எழுதிவிட்டேன். ஜாக்கெட் அளவு எடுக்க நாளை ஏழரைக்கே வரச் சொல்லியிருக்கிறேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள, நைட் ட்யூட்டி இல்லாத நாளெல்லாம் நர்ஸ் அக்கா; மற்ற நாளுக்கு ஆள் பேச வேண்டும்.