இடம் போதாத ஊர்

அக்டோபர் 14, காலை

ரயில் ஹால்ஸ்டாட்டில் இறக்கிவிடவில்லை, எதிர்க்கரையில் இறக்கிவிட்டது. ரயிலுக்காகவே காத்திருந்த படகில் ஏறி ஏரியைக் கடந்தோம். பனிமூட்டம் விலக விலக, மலையடிவாரத்தில் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்பதுபோல் மரவீடுகள் தெரிந்தன.

ஆஸ்திரியாவின் இந்த மூலைக்கு 1890-ல்தான் பாறையை வெடிவைத்துத் தகர்த்துச் சாலை போட்டார்கள். அதுவரை படகு, இல்லையேல் ஒற்றையடிப் பாதை. பக்கத்து வீட்டுக்குப் போகவும் படகு வேண்டியிருந்தது. அல்லது வீடுகளின் பரண் வழியாகச் சென்ற மேல்பாதையில் நடக்க வேண்டியிருந்தது. அடுத்தவர் பரணில் நடந்துபோகிற ஊரில் ரகசியம் எப்படித் தங்கியிருக்கும்?

மதியம்

இத்தனை நெருக்கடியிலும் மனிதர்கள் இங்கேயே கிடந்ததற்குக் காரணம் உப்பு. மேலே மலைக்குள் சுமார் 7,000 ஆண்டுகளாக உப்பெடுத்திருக்கிறார்கள். சுரங்கத்தில் கிடைத்த மரப்படிக்கட்டு கி.மு. 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உப்பில் கிடந்ததால் மக்கவே இல்லை.

சுரங்க அதிகாரி ராம்சவர் 1846-ல் மேல்பள்ளத்தாக்கில் தோண்டத் தொடங்கி, ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான கல்லறைகளைக் கண்டெடுத்தார். அந்தக் கண்டெடுப்பால் ஐரோப்பாவின் தொடக்க இரும்புக்காலத்துக்கே இந்தச் சின்ன ஊரின் பெயரை வைத்துவிட்டார்கள்.

மாலை 4 மணி

மேலே புதைக்கப்பட்டவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிம்மதியாகக் கிடந்தார்கள். கீழே தேவாலய மயானத்தில் அந்தக் கொடுப்பினை இல்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் குழியை அடுத்தவருக்கு விட்டுவிட வேண்டியிருந்தது. தோண்டியெடுத்த மண்டையோட்டை வெயிலில் வெளுக்கவைத்து, நெற்றியில் பெயர் எழுதி, ரோஜாவோ ஓக் இலையோ வரைந்து எலும்பு மாடத்தில் அடுக்கினார்கள். மொத்தம் சுமார் 1,200. அவற்றில் அறுநூற்றுக்கு மேல் வண்ணம் தீட்டியவை.

கடைசியாக வந்தது 1995-ல். 1983-ல் இறந்த ஒரு பெண்மணியின் விருப்பப்படி வைத்தது. தங்கப்பல் இன்னும் மின்னுகிறது. பயம் வரவில்லை. ஒரு குடும்பத்தின் மண்டையோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்ததைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. குழியில் இடம் தர முடியாதவர்கள் பெயருக்கு இடம் தந்திருக்கிறார்கள்.

மாலை 6 மணி

இப்போது நெருக்குவது எங்களைப் போன்றவர்கள். ஊரில் இருப்பவர்கள் எழுநூற்றுச் சொச்சம். உச்சப் பருவத்தில் ஒரே நாளில் வருபவர்கள் 10,000 பேர் வரை. சீனாவில் 2012-ல் இந்த ஊரையே நகலெடுத்துக் கட்டிவிட்டார்கள். அங்கே இடம் இருந்தது. இங்கே 2023-ல் எல்லோரும் படமெடுக்கும் முனையில் பலகைத்தடுப்பு வைத்துப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள்.

அதே முனையில் நானும் போய் நின்றேன். கோபுரம், ஏரி, மேலே கவிந்த மேகம். இரண்டாவது படத்துக்குக் கைப்பேசியைத் தூக்கியபோது பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

நகர்ந்துகொண்டேன்.