பெயர் எழுதியவர்கள்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் திருமுக்கூடலுக்கு எம்மை இளமையில் அடிக்கடி அழைத்துச் சென்றவர் எம் பாட்டனார். உத்திரமேரூரை அடுத்த சிற்றூரொன்றில், 1980இல் அப்பதவி ஒழிக்கப்படுமளவும், கர்ணமாயிருந்தவர் அவர். அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரிலுள்ள வீரராசேந்திர சோழனது சாசனத்தை விரலால் தடவி, 15 படுக்கைகளையுடைய ஆதுலசாலையையும், வைத்தியர்க்கு அளந்த நெல்லையும், மருந்துகளின் பெயர்களையும் எமக்கு எடுத்துச் சொல்லுவர். எமக்கோ ஆற்றுமணலின்மேற் கண். "எழுத்தைப் பாரடா! ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்கிறது" என்றது மட்டும் செவியில் நின்றது. எம் எழுத்து அன்றும் இன்றும் கோழி கிளறியதே.

அவர்க்கு மற்றொரு வழக்கமும் உண்டு. திரௌபதியம்மன் கோயில்களிற் பாரதக் கூத்து நிகழ்ந்தால் விடியுமளவும் இருந்து பார்ப்பர். மறுநாள் நீண்ட கணக்குப் புத்தகமொன்றிலே, துரியோதனன் வேடம் பூண்டவர் இன்னார், அவர்க்குக் கற்பித்த வாத்தியார் இன்னார், முகவீணை இன்னார், மத்தளம் இன்னார் என எழுதிவைப்பர். கூத்தாடிகளுக்குப் பெயர் எழுதுவது கர்ணத்துக்கு அழகோ என்று பாட்டியார் முணுமுணுப்பதும் உண்டு. அவர் காலமானபின் வீட்டை ஒழித்தபோது, வரிக்கணக்கென்றெண்ணி அப்புத்தகத்தைப் பழைய காகிதக்காரனிடம் நிறுத்துக் கொடுத்தவர் யாமே. அப்பணத்திற்கு வறுகடலை வாங்கித் தின்றோம்.

அடுத்த ஆண்டு கலாசாலையிலே தோஸ்து முகம்மது என்னும் பாரசீக எழுத்தரைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. ஹீராத்து நகரத்தவராகிய அவர் சபவி மன்னன் தமாஸ்பின் நூலகத்திற் பணிபுரிந்தவர். மன்னனின் தம்பி பஹ்ராம் மிர்சாவின் பொருட்டுச் சித்திரங்களும் அழகெழுத்தேடுகளும் சேர்ந்த தொகையொன்றை அமைத்து, 1544-45இல் அதற்கு முகவுரை வரைந்தார். இன்னார்க்கு ஆசான் இன்னார் என வழிவழியாக எழுத்தர், ஓவியர் பெயர்களை அதிற் கோத்துவைத்தார். பெரும்புகழ் ஓவியர் பிஹ்சாத் மறைந்த ஹிஜ்ரி 942 என்னும் ஆண்டை உலகிற்குத் தருவது அம்முகவுரைச் செய்யுளே. மீர் சையித் அலி என்னும் ஓவியர் பின்னர் ஹுமாயூனிடம் வந்து, முகலாய ஓவியச்சாலைக்கு மூலவருள் ஒருவரானார். வழிமுறையாக ஆசான் பெயரைக் கோக்கும் அம்முறையை யாம் முன்னரே எங்கோ கண்டிருந்தோம். எங்கேயென்று நினைவு வந்தபொழுது புத்தகத்தை மூடிவிட்டோம்.

அவரது தொகை இன்று இஸ்தான்புல்லில் தோப்காப்பி அரண்மனையில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலிலே தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும், அவர்கள் வந்த ஊரும், குடியேறிய மனையும் கல்லில் நிற்கின்றன. ஒன்றற்கு அரண்மனைப் பெட்டி வாய்த்தது. மற்றொன்றற்கு இராசராசன் கருங்கல் கொடுத்தான். கர்ணத்தின் புத்தகத்திற்கு வாய்த்தது தராசு.

சென்ற தை மாதத்தில், முன்னாளில் முகவீணை வாசித்த முதியவர் ஒருவரைத் தேடிச் சென்றோம். யாம் யார் பேரரென்று சொன்னவுடன் திண்ணையில் இடங்கொடுத்து, "கணக்குப்பிள்ளை ஐயா எங்கள் அப்பா பெயரையும் எழுதினாராமே! அந்தப் புத்தகம் இருக்கிறதா?" என்று வினவினார். வறுகடலையைச் சொல்ல நா எழவில்லை. இல்லையென்று மட்டும் சொல்லிக் காகிதத்தை எடுத்தோம். அவர் நினைவிலிருந்து 11 பெயர்களைச் சொன்னார். எழுதி முடித்ததும் எம் கோணலெழுத்தைச் சற்றே உற்றுநோக்கி, "ஒருமுறை படித்துக் காட்டுங்கள்" என்றார். படித்தோம். இரண்டு பெயர்கள் பிழையாயிருந்தன. அவற்றை அடித்து, மேலே திருத்தி எழுதிக்கொண்டோம்.