நோய்க்குப் பிறகும் பெட்டியைக் கைவிடாதவர்களுக்கு

மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் பக்கத்துத் தேன்வளர்ப்பு அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

நாகர்கோவிலில் என் வீட்டுத் தென்னைகளுக்கு நடுவே இரண்டு தேனீப் பெட்டிகள் நிற்கின்றன. பிழைப்புக்கு வைத்ததல்ல, ஆசைக்கு வைத்தது. உள்ளே இருப்பது நம் நாட்டு அடுக்குத் தேனீ. அது இன்னும் பெட்டியில் வளர்க்கக் கிடைக்கிறதென்றால் அதற்குக் காரணம் நீங்கள். இதுவரை யாரும் உங்களுக்குச் சரியாக நன்றி சொன்னதாகத் தெரியவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன்.

1910-களில் திருச்சியில் நியூட்டன் பாதிரியார் நம் ஈயின் உடலளவுக்கு ஏற்ற பெட்டியைச் செய்தார். 1920-களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பை ஊராருக்குக் கற்றுக்கொடுத்தார். இவர்கள் பெயரெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. 1991-க்குப் பிறகு தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியக் கூடுகளில் பெரும்பாலானவற்றை அழித்தபோது காலிப் பெட்டிகளோடு நின்ற உங்கள் பெயர் எதிலும் இல்லை.

நோய் கண்ட அடையை ஒருமுறை பார்த்தால் போதும், மறக்காது. மெழுகு மூடி அங்கங்கே கிழிந்திருக்கும். உள்ளே புழு மல்லாந்து, தலையைத் தூக்கியபடி தோணி போல வளைந்து செத்துக் கிடக்கும். இடுக்கியால் மெல்ல இழுத்தால் தோலுக்குள் நீர் கோத்து, ஒரு சிறு பையாக முழுசாக வெளியே வரும். வளர்ந்த ஈக்கள் பறந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அடுத்த தலைமுறை பிறக்காது. கூடு நாளுக்கு நாள் மெலியும். இதற்கு மருந்தும் கிடையாது.

அப்போது சிலர் பெட்டியை விறகாக்கினார்கள், சிலர் இத்தாலியத் தேனீக்கு மாறினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வயிறு இருக்கிறது. நீங்கள் தப்பிய கூடுகளைத் தேடிப் போனீர்கள். செத்த புழுவைத் தானே இழுத்து வெளியே போடும் கூடு எது என்று பார்த்து, அதிலிருந்து ராணி எடுத்தீர்கள். நோய் வந்த கூட்டில் ராணியைக் கொஞ்ச நாள் அடைத்து வைத்து, முட்டையிடுவதை நிறுத்தி, ஈக்கள் அடையைச் சுத்தம் செய்ய அவகாசம் கொடுத்தீர்கள். தேன் இல்லாத வருஷங்களிலும் இதைச் செய்தீர்கள். அந்தப் பொறுமைக்குத்தான் என் முதல் வணக்கம்.

அடுத்தது, என்னைப் போன்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததற்கு. ரப்பர் மரத்தின் தேன் பூவில் ஊறுவதில்லை என்பதே உங்கள் தோட்டத்துக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். இலையுதிர்ந்து தளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகள் சேரும் காம்பு நுனியில் மது சுரக்கிறது. பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை அதுதான் உங்களுக்கு அறுவடை. அங்கே தேன் உண்டு, மகரந்தம் கிடையாது. குஞ்சு வளர்க்க ஈ தென்னையைத் தேடித்தான் போக வேண்டும்.

குலசேகரத்து அக்கா ஒருவர் ஜூன் மழையில் என் பெட்டியைப் பார்க்க வந்தார். மூடியைத் திறக்கவே இல்லை. பின்பக்கத்தை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெயிட்டே இல்ல மக்கா. பாகு வையி. பட்டினி கெடந்தா ஓடிப் போவும்." சிரட்டையில் சர்க்கரைப் பாகு ஊற்றி, ஈ மூழ்கிவிடாமல் உட்கார நாலு குச்சி மிதக்கவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு தேன் அறைக்குள் வைக்கச் சொன்னார். பகலில் வைத்தால் பக்கத்துக் கூட்டு ஈக்கள் கொள்ளையடிக்க வந்துவிடுமாம். மறுநாள் காலை சிரட்டை காய்ந்திருந்தது.

ஆசைக்கு வளர்ப்பவர்கள் பெட்டி வாங்கும்போது எத்தனை கிலோ தேன் கிடைக்கும் என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு அது வருத்தம். மழைக்காலத்துக்கு என்ன வைப்பாய், பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கும் நாள் உனக்குத் தெரியுமா என்று நீங்கள் திருப்பிக் கேட்பதைக் கேட்டிருக்கிறேன். புழு அறைத் தேனில் நீங்கள் கைவைப்பதில்லை. ஒரு கூட்டு அடையை இன்னொன்றுக்கு மாற்றும் முன் தயங்குகிறீர்கள். நாலு மாசம் வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு நீங்கள் பெட்டியே விற்கக் கூடாது என்பேன். கவனிக்காத கூடு பக்கத்துக் கூடுகளுக்கும் நோய் தரும்.

அக்டோபரில் கூடு பெருகினால் பிரித்து, ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். இரண்டில் ஒரு பெட்டி தேன் அதிகம் தருகிறது. மற்றது கொஞ்சம்தான் தருகிறது, ஆனால் அதில் இதுவரை செத்த புழு ஒன்றும் கண்டதில்லை. இரண்டாவதிலிருந்துதான் ராணி அறை எடுக்கப்போகிறேன். அதற்கு முன் குலசேகரம் வந்து அக்காவிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்வேன்.


நாகர்கோவிலிலிருந்து உங்களிடம் கற்றுக்கொண்டவன்