சோடியம் 116

2015 டிசம்பர் 1. சென்னையை அடுத்த செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் 47 சென்டிமீட்டர் மழை. அங்குள்ள ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதாகப் பிறகு அரசு சொன்னது. குன்றத்தூரில் எங்கள் தெரு பள்ளம். ராத்திரியே வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். மாமியாரைக் கைத்தாங்கலாக மாடி வீட்டுக்கு ஏற்றினோம். அவசரத்தில் அவருடைய காது மிஷின் தண்ணீரோடு போய்விட்டது.

கரன்ட் இல்லை, போனில் டவர் இல்லை. அத்தைக்கு வாந்தி, பேதி. கஞ்சிகூட இறங்கவில்லை, பி.பி. மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொண்டார். தண்ணீர் வடியத் தொடங்கிய சாயங்காலம் மாடிவீட்டு அக்கா ரசம் சாதம் கொண்டுவந்தார். அத்தை தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "அவ இதுல என்னமோ கலந்திருக்கா. நீயும் சாப்பிடாதம்மா."

இருட்டியதும் நானும் அந்த அக்காவுக்குக் கூட்டு என்றார். பீரோ சாவியை முந்தானையில் முடிந்து, முடிச்சைக் கையில் இறுக்கியபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தார். காலையில், "காபி இருக்கா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

சொந்தக்காரர்களில் ஒருவர் பயந்த கோளாறு, தாயத்துக் கட்டு என்றார். மாமியார்-மருமகள் சண்டைதான் என்று முடித்தார் இன்னொருவர். கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி என்ற பேச்சும் வந்தது. எனக்கு எரிச்சல். மழைக்கு முந்தின நாள்வரை பால் கணக்கைப் பைசா பிசகாமல் போட்டவருக்கு, எழுபது தாண்டிய வயதில், ஒரே ராத்திரியில் பைத்தியம் முளைக்குமா?

ரோடு திறந்ததும் ஆஸ்பத்திரி. ரத்தத்தில் சோடியம் 116. 135-க்குக் குறையக் கூடாதாம். சிறுநீரில் கிருமி வேறு. அந்த பி.பி. மாத்திரை சிறுநீரோடு உப்பையும் வெளியேற்றும் வகை. டாக்டர் இதை டெலிரியம் என்றார். பகலில் தெளிந்து இரவில் குழம்புவது அதன் குணம். காது கேட்காமல், பழகாத இடத்தில், தூக்கமும் இல்லாமல் கிடப்பவருக்குப் பக்கத்தில் யார் வாயசைத்தாலும் தன்னைப் பற்றித்தான் என்று படும். சோடியத்தை மெல்ல மெல்லத்தான் ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினால் மூளைக்கே கேடு.

தைராய்டு குறைந்தாலும் இப்படி ஆகலாம். ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1949-லேயே அதை எழுதியிருக்கிறார். பி12 குறைவு, ஸ்டீராய்டு மாத்திரை, தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்துவது ஆகியவையும் காரணமாகலாம். மறதிநோயிலும் 'நகையைத் திருடிவிட்டாள்' என்ற புகார் வரும், ஆனால் அது பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்லத் தலைகாட்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவர் திடீரென்று சோற்றில் விஷம் என்றால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகளையெல்லாம் மறக்காமல் எடுத்துப்போங்கள்.