இன்னும் ரெண்டு பேர்

கம்பசில் எங்களைப் பார்த்து முதன்முதலாக "உங்களுக்கு என்ன வேணும்?" எண்டு கேட்டது ஒரு படிவம்தான். இறுதி வருடத் தொடக்கத்தில், இயந்திரப் பொறியியல் மாணவர்கள் தங்கட தெரிவுப் பாடங்களைக் குறித்துக் கொடுக்கவேண்டிய படிவம்.

அதுவரை எங்களுக்கான தெரிவுகளை வேற ஆக்கள்தான் செய்தார்கள். ஏ.எல்.லில் கணிதப் பிரிவை முடிவு செய்தது ஓ.எல். ரிசல்ட்டும் வீட்டாரும். எந்தக் கம்பஸ் எண்டு முடிவு செய்தது இசட் ஸ்கோரும் மாவட்ட வெட்டுப்புள்ளியும். மெக்கானிக்கல் கிடைத்தது முதலாம் வருட ஜி.பி.ஏ.யால். பிறகு தேர்மோடைனமிக்ஸ், புளூயிட் மெக்கானிக்ஸ், மெஷின் டிசைன், கொன்ட்ரோல் எல்லாம் கட்டாயப் பாடங்கள். இப்படி வளர்ந்த எங்களிடம் திடீரெண்டு ஒரு பட்டியலை நீட்டி விரும்பினதை எடுங்கோ எண்டால் என்ன செய்வோம்? சீனியர் அண்ணாவுக்கு வட்ஸ்அப் போட்டோம்.

பதில் பத்து நிமிடத்தில் வந்தது. எந்த லெக்சரர் புள்ளி அள்ளிப் போடுவார், எதுக்குப் பாஸ் பேப்பர் அப்படியே திரும்ப வரும், எதுக்குக் கணக்குக் குறைவு எண்டு வரிசையாக. "ரோபோட்டிக்ஸ் எடுத்தா புரொஜெக்டில சாவாய். பைனைட் எலிமென்ட் பக்கமே போகாத. மெனேஜ்மென்ட் பாடங்கள் ரெண்டையும் கண்ணை மூடிக்கொண்டு போடு." நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு போட்டோம்.

அறையில் நாங்கள் ஆறு பேர். ஆறாவது ஆள் மட்டும் அந்தப் பட்டியலைப் பார்க்கவில்லை. அவன் மன்னார், பேசாலை. பேரைச் சொல்லி ஆரும் கூப்பிட மாட்டோம், பேசாலை எண்டுதான் கூப்பிடுவோம். அவன் முதல் நாளே "ரெஃப்ரிஜரேஷன் அன்ட் எயார் கொன்டிஷனிங்" எண்ட பாடத்துக்கு நேரே சரி போட்டிட்டு வந்துவிட்டான்.

அவன்ட மாமா ஐஸ் பக்டறியில் வேலை. 2022 பங்குனிக் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஜெனரேற்றருக்கு டீசலும் இல்லை. கடலுக்குப் போக மண்ணெண்ணெய் கிடைத்த கொஞ்சப் பேர் பிடித்து வந்த மீனையும் வைத்திருக்க ஐஸ் இல்லை. வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்தார்கள். அந்த நேரம் கம்பஸ் ஒன்லைனில் நடந்ததால் அவன் ஊரில்தான் இருந்தான். பக்டறியில் ஐஸ் உருகி வாய்க்காலால் ஓடினதைப் பார்த்திருக்கிறான்.

ஒரு இரவு அவன் எங்களுக்கு அதைக் கணக்காகச் சொல்லித் தந்தான். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோயூல் வெப்பம் வேணும். அதே ஒரு கிலோ தண்ணியை 0 பாகையில் இருந்து 80 பாகைக்குச் சூடாக்கத் தேவையான வெப்பமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஏ.எல். பௌதிகவியலில் தன்மறைவெப்பம் எண்டு நாங்கள் எல்லாரும் பாடமாக்கின சங்கதி. "அப்ப ஐஸ் எண்டதே ஒரு பற்றரி மச்சான்" எண்டான். "கரண்ட் இருக்கேக்க குளிரைச் சேர்த்து வைக்கலாம். எங்கட ஊருக்குத் தெற்கால தம்பபவனி நிக்குது, 30 காற்றாலை, 103.5 மெகாவொட். காத்து நல்லா அடிக்கிற நேரம் ஐஸ் செய்தால் என்ன? எவ்வளவு தடிப்புக்குக் காப்பு வேணும், கொம்பிரசர் எந்தளவு எண்டு எனக்குக் கணக்குத் தெரியாது. அந்தப் பாடத்தில அதுதான் படிப்பிப்பினம்."

நாங்கள் சிரித்தோம். கெட்ட சிரிப்பு இல்லை, ஆனா சிரித்தோம்.

பிறகுதான் நோட்டீஸ் வந்தது. ஒரு தெரிவுப் பாடம் நடக்கக் குறைந்தது பத்துப் பேர் வேணும். அவனோட சேர்த்து எட்டுப் பேர். பாடம் மாற்ற இன்னும் நாலு நாள் இருந்தது. அவன் ஒவ்வொருத்தராகக் கேட்டான். அறையில் சோறு சாப்பிடும்போது எங்களிடமும் கேட்டான். "இன்னும் ரெண்டு பேர் காணும். ஆராவது ரெண்டு பேர் வாங்கோவன்."

நாங்கள் ஐந்து பேர் இருந்தோம்.

ஏன் போகவில்லை எண்டதுக்கு எங்களிடம் நியாயம் இருந்தது. தமிழில் படித்துவிட்டு வந்த எங்களுக்கு முதல் வருடம் லெக்சர் பாதி விளங்காது. எங்களைக் கரை சேர்த்தது குப்பிதான். எக்ஸாமுக்கு முதல் நாள் இரவு, விளங்கின ஒருத்தன் விளங்காத பத்துப் பேருக்குத் தமிழில் சொல்லித் தருகிற குப்பி. எல்லாரும் ஒரே பாடம் எடுத்தால்தான் குப்பி. தனிய ஒரு பாடத்துக்குப் போறது எண்டால் அந்தக் கயிற்றை விட்டுவிட்டு நீந்திறது மாதிரி. ஜி.பி.ஏ. 3.3 தாண்டினால் செக்கண்ட் அப்பர். எங்களில் மூன்று பேர் அந்தக் கோட்டில் நின்றோம். பயம் பொய் இல்லை. ஆனா மற்ற ரெண்டு பேருக்கு அந்தக் கணக்கும் இல்லை. அவர்கள் சும்மா எங்களோடு நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை பாடத்தை நிப்பாட்டினார்கள். பேசாலை ஒண்டும் சொல்லவில்லை. எங்களோடு மெனேஜ்மென்ட் வகுப்பில் கடைசி வாங்கில் வந்து இருந்தான். அவனுக்கு 'ஏ' வந்தது. எங்களுக்கும் வந்தது. அந்தப் பாடத்தில் என்ன படித்தோம் எண்டு இப்ப கேட்டால் ஐந்து பேரில் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது.

இந்தக் கதையில் எங்களுக்கு வெட்கமான பகுதி இனித்தான் வருகுது. பட்டம் முடித்து எங்களில் ரெண்டு பேர் கட்டாருக்குப் போனோம். அங்கே மெக்கானிக்கல்காரருக்கு முதல் கிடைக்கிற வேலை பெரும்பாலும் கட்டட எயார் கொன்டிஷனிங்தான். இன்டர்வியூவில் சைக்ரோமெட்ரிக் சார்ட்டை முன்னால் வைத்து, இந்த வளியைக் குளிராக்கினால் எவ்வளவு தண்ணி ஒடுங்கும் எண்டு கேட்டார்கள். ஏ.சி. குளிராக்கிறதோட நிக்காது, ஈரத்தையும் எடுக்கும் எண்டதே எங்களுக்கு அண்டைக்குத்தான் உறைத்தது. ஆர்-22 வாயுவை ஏன் கைவிடுகிறார்கள், 1987 மொன்ட்ரியல் உடன்படிக்கையில் ஓசோனுக்காக என்ன முடிவெடுத்தார்கள் எண்டதையும் வேலைக்குப் போன பிறகுதான் படித்தோம்.

ஆரிடம் படித்தோம் எண்டு நினைக்கிறீர்கள்? பேசாலையிடம். அவன் இப்ப கொழும்புக்குக் கிட்ட ஒரு கார்மென்ட்ஸில் பொயிலரும் சில்லரும் பார்க்கிறான். நடக்காத அந்தப் பாடத்தின் புத்தகத்தை லைப்ரரியில் எடுத்து அவன் தனியப் படித்திருக்கிறான். வெள்ளி இரவுகளில் வட்ஸ்அப் கோலில் எங்களுக்குச் சொல்லித் தந்தான். தமிழில். இல்லாமல் போயிடும் எண்டு நாங்கள் பயந்த அதே குப்பி.

ஒருநாள் மன்னிப்புக் கேட்டோம். "விடுங்கோடா" எண்டான். கொஞ்சம் பொறுத்து, "நான் புத்தகத்தில படிச்சிட்டன். ஆனா ஆய்வுகூடத்தில ஒரு கொம்பிரசர் கிடந்தது, அதைத்தான் ஒருக்காக் கழட்டிப் பாக்கக் கிடைக்கேல்ல" எண்டான்.

தெரிவுப் பாடம் எண்டால் எங்கட சொந்த விசயம் எண்டுதான் அதுவரை நினைத்திருந்தோம். நாங்கள் எடுக்காமல் விட்டதால் இன்னொருத்தன்ட வகுப்பு மூடுப்படும் எண்டு ஆரும் சொல்லித் தரவில்லை. எங்களுக்கு என்ன வேணும் எண்டு தெரியாமல் இருந்தது பிழை இல்லை. தெரிந்த ஒருத்தன் பக்கத்தில் இருந்து கேட்டும் நாங்கள் அசையவில்லை.

போன மாதம் ஜூனியர் ஒருத்தன் மெசேஜ் போட்டான்: "அண்ணா, எந்த எலெக்டிவ் ஈசி?" பழைய பட்டியல் போனில் இன்னும் கிடக்குது. அனுப்பப் போய், நிப்பாட்டிவிட்டு இப்படிக் கேட்டோம்: "உங்கட பட்சில ஆராவது ஒரு பாடத்துக்கு ஆள் சேர்க்கத் திரியிறாங்களா? இன்னும் எத்தினை பேர் தேவையாம்?"

நீல டிக் விழுந்திட்டுது. பதில் இன்னும் வரவில்லை.