காத்திருக்கும் தாய்

பல்கேரியா தேசப் படத்தை விரித்து, தலைநகர் சோபியாவிலிருந்து கிழக்கே விரலை நகர்த்துங்கள். சுமார் 110 கிலோமீட்டர் தூரத்தில், ஸ்ரெத்னா கோரா மலைத் தொடரின் நடுவே, தோபோல்னித்ஸா ஆற்றங்கரையில் ஒரு சிற்றூர் தென்படும். கோப்ரிவ்ஷ்டித்ஸா! பெயரைச் சொல்ல நாக்கு சற்றுத் தடுமாறும். ஊரோ பார்த்தவுடனே மனத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே உள்ள இடம். சுற்றிலும் காடும் புல்வெளியுமாகச் சுமார் 139 சதுர கிலோமீட்டர். இவ்வளவு பெரிய நகராட்சிக்கு ஊர் இது ஒன்றுதான்! ஜனத்தொகை சுமார் 2,000. பெரிய இடத்துக் கல்யாணக் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

ஆனால் வீடுகளைப் பாருங்கள். நீலமும் மஞ்சளும் சிவப்புமாய்ச் சுவர்கள். உயர்ந்த கல் மதில். கனத்த மரக் கதவு. உள்ளே விதானமெல்லாம் மரச் செதுக்கு வேலை. இந்தக் குளிர் மலைக்கு இத்தனை செல்வம் எப்படி வந்தது என்கிறீர்களா? நிலம் கொடுக்காததை ஆடுமாடும் கம்பளியும் கொடுத்தன. துருக்கியர் ஆட்சிக் காலத்தில் இவ்வூர் ஆண்கள் வியாபாரத்துக்காகக் கான்ஸ்டான்டிநோபிள், எகிப்து என்று தூர தேசம் போனார்கள். வீட்டையும் குழந்தைகளையும் கட்டிக் காத்தவர்கள் பெண்கள்.

1876 ஏப்ரலில் துருக்கியருக்கு எதிரான எழுச்சி வெடித்ததும் இங்கேதான். முதல் வேட்டு முழங்கிய சிறு பாலத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

மாதா கோயில் வளவில் ஒரு கல்லறை இருக்கிறது. இவ்வூரில் பிறந்த கவிஞர் திம்சோ தெபெல்யானோவ் முதல் உலக யுத்தத்தில், 1916-இல், தம் 29-வது வயதில் மாண்டார். அவரது எலும்புகள் ஊர் வந்து சேர 1931 ஆயிற்று. கல்லறை அருகே, சிற்பி இவான் லாசரோவ் வடித்த தாயின் சிலை: முக்காடிட்ட ஒரு கிழவி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து, மகன் வரும் வழியைப் பார்த்தபடியே இருக்கிறாள்.

அவள் அந்த ஒரு மகனுக்காக மட்டுமா காத்திருக்கிறாள்? ஒரு காலத்தில் இவ்வூரில் பல ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். பழைய வீடுகளைப் பழுது பார்த்துக் காப்பாற்றிவிட்டார்கள். அவற்றில் விளக்கேற்றத்தான் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 1965-இல் தொடங்கிய நாட்டுப்பாடல் விழா நடக்கும்போது மட்டும் தேசமே திரண்டு வந்து மலைவெளி நிறையப் பாடுகிறது.

விழா முடிந்ததும் கூட்டம் மலையிறங்கிவிடும். தாய் மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பாள்.